முழு எடை

பிப்ரவரி 3, செவ்வாய்

தோளில் அறுவை முடிந்து ஒரு வாரம் ஆகிறது. விரலுக்கும் மணிக்கட்டுக்கும் தடையில்லை என்று டாக்டர் சொன்னதால் எழுத உட்கார்ந்தேன். வலது கை கழுத்திலிருந்து தொங்கும் பைக்குள் கிடக்கிறது. அதற்கு ஸ்லிங் என்று பெயர். நான் தூளி என்றுதான் சொல்கிறேன். இடுப்புக்கும் முழங்கைக்கும் நடுவில் ஒரு சிறு தலையணை. மடியில் சப்பாத்திப் பலகை, பலகையின் மேல் இந்த டயரி. எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லா விவரத்தையும் என் மகன் ராஜகுருவிடம்தான் சொன்னார். தோள் என்னுடையது. "அம்மாவுக்கு இதெல்லாம் வெளங்காது சார், நான் சொல்லிக்கிறேன்" என்றான் இவனும். நான் கட்டிலில் கிடந்தபடியே கேட்டேன். "எந்த எடத்துல கிழிஞ்சது, எத வச்சுத் தச்சீங்க, தையல் பிரிஞ்சா என்ன ஆகும்? எங்கிட்டச் சொல்லுங்க." டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படம் வரைந்தார்.

தோள் உருண்டையைச் சுற்றி நான்கு தசைகள் சட்டைக் கைப்பட்டி போலப் பிடித்திருக்கின்றன. அதில் மேலே உள்ளது எலும்பை விட்டுப் பிய்ந்து வந்துவிட்டது. எலும்பில் சிறு ஆணி இறக்கி, நூலால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். நாரும் எலும்பும் ஒட்டிக்கொள்ள மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை அந்தக் கையை நானாகத் தூக்கக் கூடாது. பிறர் தூக்கிவிடலாம். நானே தூக்கினால் தையல் பிரியலாம். பிரிந்தால் மறுபடி தைக்க நல்ல நார் மிஞ்சாது.

மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டி ஒட்டியே தமிழும் இங்கிலீஷும் எழுத்துக்கூட்டப் பழகியவள் நான். எனக்கு விளங்காது என்று என் வயிற்றில் பிறந்தவனே சொல்கிறான். அதை எழுதி வைக்கவே இந்த டயரியை எடுத்தேன்.

எப்படி ஆயிற்று என்று கேட்டவர்களுக்கெல்லாம் குளியலறையில் வழுக்கியது என்று சொன்னேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

பிப்ரவரி 5, வியாழன்

படுக்க முடியாது. ஈசிச்சேரில் சாய்ந்தபடிதான் தூக்கம். தூக்கம் என்றும் சொல்ல முடியாது. மாத்திரை போட்டால் வீடு மெதுவாக நகர்கிறது. மத்தியான வெயில் ஜன்னல் வழியே இறங்கித் தரையில் பாயாக விரிகிறது. பாய் என்னை நோக்கி ஊர்ந்து வந்து கால் விரலைத் தொடும்போது நான் வேறெங்கோ இருக்கிறேன்.

முற்றத்துக் குழாய் சொட்டுகிறது. வாஷர் தேய்ந்துவிட்டது. எனக்குக் கை இருந்தால் சிறிய வேலை. சொட்டுகிற சத்தம் சில சமயம் யாரோ எதையோ எண்ணுவது போலக் கேட்கிறது. என் வீட்டுக்காரர் எதிரே நாற்காலியில் இருக்கிறார். தூங்குகிறாரா, விழித்திருக்கிறாரா தெரியவில்லை. கண்ணை மூடினாலும் திறந்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ரவிக்கை போட முடியாது. அவருடைய அரைக்கைச் சட்டைதான். அறுவை செய்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அது கடைசி. சட்டையில் மிளகாய் வத்தல் நெடி அடிக்கிறது. அவர் வத்தல் மண்டிக்குப் போவதை விட்டு நாலு வருஷம் ஆகிறது. சட்டை எத்தனையோ முறை துவைத்தது. நெடி மாத்திரையின் வேலையாக இருக்கும்.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் ரசம் கொண்டுவந்தாள். தலை வாரிவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். "கை போயும் திமிரு போகலியேக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். ரசம் நன்றாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் அவர் என் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "சீப்பத் தா" என்றார். சிக்கு எடுத்தார். பின்னினார். பின்னல் எந்தப் பக்கம் போகிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிறகு கண்ணாடியில் பார்த்தேன். நடு முதுகில் இறங்க வேண்டியது இடது பக்கமாக வளைந்து, வலது தோளுக்கு எட்டாத தூரத்தில் தொங்கியது. பிரித்துப் பின்னச் சொல்ல நினைத்தேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

இடது கையால் சாப்பிட என்னால் ஆகாது. கரண்டியாக இருந்தாலும் இடது கை இடது கைதான். அவர் ஊட்டினார். ஒரு வாய் மூக்குக்குப் போனது.

பிப்ரவரி 12, வியாழன்

அவரைப் பற்றி எழுத வேண்டும். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

அவர் வத்தல் கமிஷன் கடையில் எடை போட்டவர். மூட்டையை ஒரு முறை இடுப்புக்குத் தூக்கி இறக்கினால் போதும், தராசு அதற்குப் பிறகு சொல்வதை அவர் முதலில் சொல்லிவிடுவார். கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போகும் நோய் அவருக்கு. ஓரப் பார்வை முதலில் போயிருக்கிறது. நடுப் பார்வையும் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. தராசு முள்ளைப் பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டு கையாலேயே எடை சொல்லி இரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. டம்ளருக்குப் பக்கத்தில் தரையில் காப்பியை ஊற்றிய அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அப்போது டாக்டர் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ பயந்துருவ" என்றார். பயப்படுவதும் படாததும் என் இஷ்டம். அதை எனக்குப் பதிலாக அவர் முடிவு செய்தார். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

அன்றிலிருந்து என் வலது தோள்தான் அவருக்கு வழி. நான் முன்னால், அவர் ஓரடி பின்னால், கையை என் தோளில் வைத்தபடி. தினம் சாயங்காலம் தேரடி டீக்கடை வரை போவோம். மண்டி ஆட்கள் வருவார்கள். வத்தல் வரத்து, விலை, யார் மகள் யாருக்கு என்று பேச்சு நடக்கும். அந்த ஒரு மணி நேரம் அவர் முகம் கண் தெரிந்த முகம்.

இப்போது வலது தோள் ஆகாது. "எடதுல வைங்க, போவோம்" என்று நான்கு நாளாகச் சொல்கிறேன். "கால் வலிக்குது" என்கிறார். வீட்டுக்குள்ளேயும் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடக்கிறார். என் பக்கம் கையை நீட்டுவதில்லை. என் இடது தோளில் என்ன குறை கண்டார் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

கையை அசைக்கப் பழக்கும் பெண் வந்தாள். பிரிசில்லா என்று பெயர். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "பாட்டிம்மா, வணக்கம்" என்றாள். யாருக்குப் பாட்டி என்று கேட்டேன். "சரிங்கம்மா" என்று சிரித்தாள்.

குனிந்து இடது கையை மேசையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். வலது கை கிணற்றில் விட்ட வாளி மாதிரி கீழே தொங்க வேண்டும். "கைய ஆட்டாதீங்கம்மா. ஒடம்ப லேசா ஆட்டுங்க. கை தானா ஆடட்டும்." அது எனக்கு வந்தது. தரையில் என் கையின் நிழல் சிறு வட்டம் போட்டது. அது வேறொருத்தியின் கை போல இருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றது வரவில்லை. மல்லாந்து சாய்ந்திருக்க, அவள் ஒரு கையால் முழங்கையையும் மறு கையால் மணிக்கட்டையும் ஏந்தி மெல்ல உயர்த்துவாள். நான் ஒன்றும் செய்யக் கூடாது.

"நீங்க தூக்குறீங்கம்மா."

"நான் எங்க தூக்குறேன்?"

"எனக்கு ஒதவி செய்றீங்க. செய்யாதீங்க. கைய எங்கிட்டக் குடுத்துருங்க."

"குடுத்துட்டேனே."

"குடுக்கலம்மா. கடன் குடுத்த மாதிரி புடிச்சுக்கிட்டே இருக்கீங்க."

இப்படியே பலமுறை. அவள் வியர்த்துவிட்டாள். தசை இறுகினால் தையலை இழுக்கும், அதனால் இன்றைக்குப் போதும் என்று கையைத் தலையணையில் வைத்தாள். பிறகு சொன்னாள்: தோளை அசைக்காமலே வைத்தாலும் அது இறுகிக் கட்டையாகிவிடும். அசைக்கவும் வேண்டும், நான் அசைக்கவும் கூடாது. இந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது.

அவள் வராத நாளில் வீட்டில் யாராவது தூக்கிவிட வேண்டும் என்றாள். "யாரு இருக்காங்க?"

அவர் நாற்காலியிலிருந்து, "நான் இருக்கேன்" என்றார்.

பிப்ரவரி 18, புதன்

பிரிசில்லா நேற்று போகும் முன்பு அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் போனாள். எங்கே பிடிப்பது, எவ்வளவு மெதுவாக, எந்த உயரத்தில் நிறுத்துவது என்று. உயரத்துக்கு அவள் அடையாளம் வைத்தாள். ஜன்னல் கம்பியில் ஒரு கயிற்றைக் கட்டி என் குறுக்கே இழுத்து மறுமுனையை அலமாரிக் கைப்பிடியில் கட்டினாள். அவர் புறங்கை கயிற்றில் பட்டதும் நிறுத்த வேண்டும்.

இன்று அவர் தூக்கினார். முழங்கைக்குக் கீழே உள்ளங்கையை நுழைத்து, சற்று நேரம் தூக்காமலே வைத்திருந்தார். மூட்டையை எடுக்கும் முன் அப்படித்தான் நிற்பார்.

"முழு எடை வரல, சீனி" என்றார். "பாதிய நீயே வச்சிருக்க."

"நான் ஒண்ணும் வச்சிருக்கல."

"வெட்டுன கிளைக்கும் மரத்துல இருக்குற கிளைக்கும் வித்தியாசம் கைக்குத் தெரியும். பையப் பைய விடு. அவசரமில்ல."

வெயில் பாய் ஊர்ந்து வந்தது. குழாய் சொட்டியது. அவர் கை அசையவில்லை. நான் எங்கே விட்டேன், எப்போது விட்டேன் என்று எனக்குத் தெரியாது. "ம், வந்துருச்சு" என்ற குரல் கேட்டு விழித்தேன். என் கை எனக்கு எதிரே காற்றில் மிதந்துகொண்டிருந்தது. வலிக்கவில்லை.

"லாபம்" என்று எண்ணத் தொடங்கினார். "ரெண்டு. மூணு." மண்டியில் ஒன்று என்று யாரும் எண்ணுவதில்லை. முதல் எடை லாபம்தான்.

பிப்ரவரி 23, திங்கள்

மத்தியானக் கனவு. என் கை தனியாக மண்டிக்குப் போயிருந்தது. தெருவெல்லாம் வெள்ளை வெளிச்சம். அவர் அதைத் தராசின் ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் வத்தலை ஒவ்வொன்றாகப் போட்டார். அவருக்குக் கண் தெரிந்தது. என்னைப் பார்த்து, "இரு, இன்னும் சரியாகல" என்றார். தட்டு இறங்கவே இல்லை. வத்தல் குவிந்து சிவப்பாக வானம் வரை போனது. எனக்கு அங்கிருந்து வர மனமில்லை.

மார்ச் 1, ஞாயிறு

ராஜகுரு ஓசூரிலிருந்து வந்தான். அப்பாவுக்கு ஒரு கம்பு வாங்கிவந்திருக்கிறான். வெள்ளை, மடக்கி வைக்கலாம், நீட்டினால் டக் டக் என்று பூட்டிக்கொள்ளும். என் வேலையை ஒரு கம்புக்குக் கொடுத்துவிட்டான். அவரும் அதை வாங்கி நீட்டி மடக்கி நீட்டிப் பார்த்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

சாப்பிட்டபின் ஆரம்பித்தான். "ரெண்டு பேரும் ஓசூருக்கு வந்துருங்கம்மா. அப்பாவ ஒன்னால புடிச்சுக் கூட்டிப் போக முடியாது. இன்னொரு தடவ வழுக்குனா?"

"வழுக்காது."

"ஆறாவது மாடிதான், லிஃப்ட் இருக்கு. அப்பா பால்கனில உக்காரலாம்."

"உக்காந்து?"

அவர் இந்த ஊரைக் காலால் அறிந்தவர். எந்த இடத்தில் சாக்கடை மூடி ஆடும், எந்தத் திருப்பத்தில் எண்ணெய்ச் செக்கு வாசனை வரும், எந்தக் கடையில் யார் குரல் என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஓசூரில் அவருக்கு ஒரு நாற்காலிதான் இருக்கும்.

கடைசியில் நானே சொன்னேன். "தோளு சரியாகலேன்னா வர்றோம். சரியாயிருச்சுன்னா அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது." அவன் ஒப்புக்கொண்டான். அவர் கம்பை மடக்கித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

மார்ச் 11, புதன்

தூளியைக் கழற்றிவிட்டார்கள். கை பக்கத்தில் தொங்குகிறது. எங்கே வைப்பது என்று தெரியாத விருந்தாளி போல இருக்கிறது. தூளி போனால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம், இப்போதுதான் கையைக் காப்பாற்ற வேண்டும் என்றாள் பிரிசில்லா. வலி குறைந்ததும் கை பழைய ஞாபகத்தில் எதையாவது எட்டிப் பிடிக்கும். பால் பாக்கெட்டைக்கூட அந்தக் கையால் எடுக்கக் கூடாது, ஊன்றி எழக் கூடாது, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகக் கூடாது. பெரிய கிழிசல் என்பதால் எனக்கு இன்னும் ஆறு வாரம் இந்தக் கட்டுப்பாடு.

நான் ஒன்றையும் மறப்பவள் இல்லை என்றேன்.

மார்ச் 16, திங்கள்

குழாய் சத்தம் நின்றுவிட்டது. ஈசிச்சேரில் மயங்கிக் கிடந்தவள் அந்த நிசப்தத்தில்தான் விழித்தேன். அவர் முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் என் ஸ்பேனர். பழைய வாஷரை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். புது வாஷர் பேச்சியம்மாள் வாங்கிவந்ததாம். இருவருமாகச் சேர்ந்து என்னிடம் கேட்காமல் செய்திருக்கிறார்கள்.

சத்தம் இல்லாமல் மத்தியானம் நீளமாக இருக்கிறது.

ஏப்ரல் 6, திங்கள்

பங்குனிப் பொங்கல். அம்மன் எங்கள் தெரு வழியாக வந்தாள். வாசலில் நின்று கும்பிட்டோம். வெயில் அதிகம். தோள் லேசாக விண்ணென்கிறது. வெயிலுக்குத்தான்.

ஏப்ரல் 7, செவ்வாய்

நேற்று எழுதியதை அடிக்கப் போவதில்லை. ஆனால் நடந்ததை இன்று எழுத வேண்டியிருக்கிறது.

காலையில் அவர் வழக்கம் போல என் முழங்கைக்குக் கீழே கையை நுழைத்தார். நின்றார். தூக்கவில்லை.

"நேத்து என்ன செஞ்ச, சீனி?"

"ஒண்ணுமில்லையே."

"ஒரு மாசத்துக்கு மேல முழுசா வந்த கை. இன்னைக்குப் பாதிதான் வருது. எதையோ புடிச்சு வச்சிருக்க."

"வெயில்ல நின்னது."

"வெயில்ல வத்தலுக்கு எடை கொறையும். ஒனக்குமா?"

சொன்னேன். மேளம் பக்கத்தில் வந்தது. சப்பரம் திரும்பியது. சூடம் காட்டினார்கள். தெருவே கையைத் தலைக்கு மேல் தூக்கியது. பிறந்ததிலிருந்து தூக்கிய கை. என்னுடையதும் போய்விட்டது. இரண்டும் மேலே சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உள்ளே ஒரு சுருக். உடனே இறக்கினேன். பக்கத்தில் நின்ற பேச்சியம்மாள் அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. கண் தெரியாதவர் இன்றைக்குக் கண்டுபிடித்தார்.

கையைத் தலையணையில் வைத்தார்.

"பிரிசில்லாவுக்குப் போனப் போடு."

"ரெண்டு நாளு பாப்போம். தையல் பிரிஞ்சிருந்தா ஓசூரு. அது நெனப்பிருக்கா?"

"ஓசூரானாச் சரி, எங்கயானாச் சரி. போடு. நான் இழுத்து ஒரு தடவ கிழிச்சது போதும்."

என்ன இழுத்தீர்கள் என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் எனக்குப் பொய்யாகக் கேட்டது.

"டவுன் பஸ்ஸுல எறங்கும்போது படிய விட்டுட்டேன். நீ மேல கம்பியப் புடிச்சிருந்த. என் முழு எடையும் ஒந் தோள்ல எறங்குச்சு. உள்ள பிரிஞ்சது எங் கைக்குத் தெரிஞ்சது. தூக்குன மூட்டையில தையல் விட்டா, தூக்குனவன் கைக்குத் தெரியாதா? அன்னைக்கு ராத்திரியே நீ குளியலறைன்னு பேச்சியம்மாகிட்டச் சொன்ன. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க…"

நிறுத்திக்கொண்டேன். நாலு வருஷத்துக்கு முன் அவர் என்னிடம் சொன்ன அதே வார்த்தை. எதற்காக நான் அவர் மேல் இன்றுவரை கோபம் ஆறாமல் இருக்கிறேனோ அந்த வார்த்தை. அவரும் அதை அடையாளம் கண்டுகொண்டார். வாயின் ஓரம் லேசாகக் கோணியது. சிரிப்பு என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

"அதான் எடது தோளக்கூடத் தொடமாட்டேங்கிறீங்களா?"

"கால் வலி."

"கால் வலியா."

"கால் வலிதான்."

போன் போட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

மதுரை. ஸ்கேன் கூடத்தில் குளிர். குழாய் மாதிரியான இயந்திரத்துக்குள் கண்ணை மூடிக் கிடந்தேன். அதன் தட்தட் சத்தம் எங்கள் முற்றத்துக் குழாயாகி, பிறகு மண்டியாகி, பிறகு தராசாகி, யாரோ மிக மெதுவாக "லாபம்" என்றார்கள். அதற்கு மேல் எண்ணவில்லை. தட்டு ஏறுமா இறங்குமா என்று காத்துக் கிடந்தேன்.

ஓசூரிலிருந்து வந்து நின்ற ராஜகுருவை டாக்டர் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "தையல் நிக்குதும்மா. சுத்தி வீங்கியிருக்கு, அவ்வளவுதான். மறைக்காம வந்தீங்களே, அது நல்லது." நானாகத் தூக்குவது இரண்டு வாரம் தள்ளிப்போகும், அதுவரை பிறர் தூக்கும் பயிற்சிதான். 

நான் மறைக்கத்தான் பார்த்தேன் என்று டாக்டரிடம் சொல்லவில்லை. அவருக்கு அது தேவையில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

முழு எடை வந்தது என்றார். கயிற்றை அவர் புறங்கை தொட்டது. வெயில் பாயில் கிடந்தது என் கால்.

மே 4, திங்கள்

இன்று என் கையை நானே தூக்கினேன். பிரிசில்லா பக்கத்தில் நின்றாள். முதலில் சுவரில் விரல்களை நடக்கவிட்டு, எறும்பு போல. பிறகு சுவர் இல்லாமல். மார்பு உயரம் வரை. கை நடுங்கியது. அவர், "வந்துருச்சா, வந்துருச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "நீங்களே பாருங்க" என்றாள் அவள், பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் எழுந்து வந்து காற்றைத் தடவி என் கையைக் கண்டுபிடித்தார். ஏந்தவில்லை. அடியில் உள்ளங்கையைக் காட்டி, தொடாமல் வைத்திருந்தார்.

"எடையே இல்ல" என்றார். குரலில் சந்தோஷமா வருத்தமா தெரியவில்லை.

மே 19, செவ்வாய்

நானே தலை பின்னினேன். நேராக வந்தது. ஏனோ பிடிக்கவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

ராஜகுரு போன் செய்தான். ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சி ஆரம்பித்துவிட்டதைச் சொன்னேன். அலமாரி மேல்தட்டிலிருந்து டம்ளர் எடுத்ததையும் சொன்னேன். "சரிம்மா, பேச்ச எடுக்கல" என்றான். பிறகு, "அப்பா வெளிய போறாரா?" என்று கேட்டான்.

போன் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 2, வியாழன்

பிரிசில்லாவுக்கு இன்று கடைசி நாள். பாரமான சாமான் தூக்குவதற்கு மட்டும் இன்னும் பொறுக்க வேண்டும், மற்றபடி எல்லாம் செய்யலாம் என்றாள். தோளில் ஒருத்தர் கை வைத்தால் தாங்குமா என்று கேட்டேன். அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கைதானம்மா? தாராளமாத் தாங்கும். ஆளே தொங்கக் கூடாது, அவ்வளவுதான்." எங்களுக்கு எதுவும் தெரியாது போல இருவரும் இருந்தோம்.

சாயங்காலம் முகம் கழுவி, என் ரவிக்கையைப் போட்டு, அவருக்குச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். "டீக்கடைக்குப் போவோம்." கால் வலி என்று வாயெடுத்தார். நான் வாசலில் போய் நின்றுகொண்டேன். பின்னால் தலையணை நகரும் சத்தம். டக் டக் என்று கம்பு பூட்டிக்கொண்டது. கம்பைத் தரையில் தட்டியபடி வந்து, என் இடது பக்கம் நின்றார்.

"அந்தப் பக்கமில்ல. பழைய பக்கம்."

"எடது போதும்."

"எனக்குப் போதாது."

சுற்றி வந்தார். கம்பு வலது கையிலேயே இருக்கட்டும் என்று விட்டேன். நாய்களுக்கு ஆகும். இடது கை என் வலது தோளைத் தேடி வந்து நின்றது. நின்றது என்று சொல்வதும் தப்பு. துணியைத் தொட்டது, என்னைத் தொடவில்லை. செக்குக் கடை தாண்டும் வரை அப்படியே நடந்தோம். தெருவில் அந்தி வெளிச்சம் வத்தல் காயப்போட்ட களம் மாதிரிக் கிடந்தது. சாக்கடை மூடியில் அவர் கால் பட்டு அது ஆடியது. கையை வெடுக்கென்று எடுத்துவிட்டார். சுவரைத் தேடினார்.

நான் நின்றேன். திரும்பவில்லை.

"முழு எடை வரலங்க" என்றேன். "பாதிய நீங்களே வச்சிருக்கீங்க."

ஒரு சைக்கிள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. யாரோ மண்டி ஆள், "என்ன மாமா, ஆளையே காணோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் நின்றுகொண்டே இருந்தேன். எனக்கு அவசரமில்லை.

முதலில் விரல்கள் வந்தன. பிறகு உள்ளங்கை. பிறகு பைய, மிகப் பைய, மணிக்கட்டும் அதற்குப் பின்னால் இருந்ததெல்லாமும் இறங்கின. தோள் தாங்கியது.

"லாபம்" என்றார்.

நடந்தோம். டீ நன்றாக இல்லை. பால் தண்ணீர். நாளைக்கும் போய்ச் சொல்ல வேண்டும்.